பதிவில் இல்லாத ஆண்

மாரீஸ்வரி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். படிவத்தில் கேட்ட கேள்விக்கு உண்மையை எழுதினாள்.

'வீட்டில் எத்தனை பேர்?' இதுதான் கேள்வி. மம்சாபுரத்தில் அவள் குடியிருக்கும் கீழத் தெருவில் ஒன்பது வீடு. அதில் ஆறு வீட்டில் பட்டாளத்துக்காரன் உண்டு. அந்தத் தெருப் பெண்களிடம் யார் வந்து கணக்குக் கேட்டாலும், இன்றைக்கு உலையில் அரிசி போட வேண்டிய தலைகளைத்தான் எண்ணிச் சொல்வார்கள். எல்லையில் நிற்கிறவனுக்கு அரசாங்கம் சோறு போடுகிறது, அவனை எதற்கு எண்ண? மாரீஸ்வரியும் 'ஒருவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் புருசன் ஹவில்தார் பாண்டிச்செல்வம் அன்றைக்கு அருணாசலத்தில் ஏதோ ஒரு மலைமேல் நின்றுகொண்டிருந்தான்.

படிவம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடியில் இயங்கும் ஊர்ப் பகிர்வு மையத்துடையது. வெளிநாட்டுப் பிள்ளைகள் விமானம் ஏறி வந்து, நம் ஊர் வீடுகளில் ஆறு வாரம் தங்கி, நம்மோடு வாசல் தெளித்து, ஆட்டுக்குக் குழை போட்டு, நம்முடைய அன்றாட வாழ்க்கையைப் பகிர்ந்துகொண்டு, தொண்டு செய்துவிட்டுப் போவார்கள். தொண்டு யாருக்கு என்றெல்லாம் கேட்கக் கூடாது. பதிலுக்கு மையம் தெருமுனையில் குடிதண்ணீர் மிஷின் ஒன்று வைத்துக் கொடுத்தது. ஒன்பது வீட்டில் ஒரு வீடு ஒப்பந்தத்தை மீறினாலும் மிஷினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

மாரீஸ்வரிக்கு வாய்த்தவள் ஹன்னா. டென்மார்க்குக்காரி, இருபத்து மூன்று வயது, நல்ல பிள்ளை. மையத்தில் சொல்லிக்கொடுத்த தமிழைப் பேசுவாள்.

"வணக்கம் அக்கா. உங்கள் துன்பத்தில் பங்குகொள்ள வந்திருக்கிறேன்" என்றாள் வந்த அன்று.

"இப்பத்திக்குத் துன்பம் ஒண்ணும் இல்ல தாயி. தோச வேணா ஊத்துறேன், பங்குபோட்டுக்கிடுவோம்" என்றாள் மாரீஸ்வரி.

மாரீஸ்வரி வீட்டிலேயே நைட்டி தைத்துக் கொடுக்கிறவள். ஹன்னா கூடமாட உதவியதில் முதல் வாரம் பதினாறு நைட்டிக்குக் கை உள்பக்கமாகப் போய்விட்டது. பிரித்துத் தைத்தாள், அது பெரிய விஷயமில்லை. ஹன்னாவின் போனில் ஒரு செயலி இருந்தது. தினம் சாயங்காலம் அது 'இன்றைய வாழ்க்கை உண்மையாக இருந்ததா?' என்று கேட்கும். ஹன்னா பத்துக்கு மார்க் போட வேண்டும். ஒரு நாள் அலுப்பில் மாரீஸ்வரி கடையில் பரோட்டா வாங்கிவிட்டாள். மார்க் நாலு. மறுநாள் காலையில் மையத்துப் பணியாளர் ஸ்வீட்லின் போன் போட்டு, "அக்கா, ராத்திரிக்கு இட்லின்னுல்ல நீங்க படிவத்துல போட்ருக்கீங்க" என்று வருத்தப்பட்டாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஹன்னா வந்த மூன்றாம் வாரம் பாண்டிச்செல்வத்திடமிருந்து போன் வரும் வரைக்கும் மாரீஸ்வரி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

லீவு கிடைத்துவிட்டது. ஐந்தாம் தேதி வந்து பதினெட்டாம் தேதி திரும்புகிறான். அதற்குப் பிறகு பனி விழுந்து பாதை அடைபடுகிற ஒரு காவல் முகாம். அடுத்த லீவு ஒன்றேகால் வருசம் கழித்து.

கல்யாணமாகி ஆறு வருசம். இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் பதினோரு மாசம் தேறாது. குழந்தை இல்லை. மாரீஸ்வரிக்கு முப்பத்து நாலு நடக்கிறது. ராஜபாளையத்தில் அவள் பார்க்கிற டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, ஒரு சீட்டில் தேதியும் எழுதிக் கொடுத்திருந்தார். பதினொன்று முதல் பதினாறு வரை.

"இந்த ஆறு நாள் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணும். போன்ல பேசிக்கிட்டாப் பத்தாது, புரியுதா? இதையும் விட்டா அடுத்து நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல" என்றார் டாக்டரம்மா. மாரீஸ்வரி அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

முறையாகச் சொல்லிவிடுவோம் என்று மையத்துக்குப் போனாள். அங்கேதான் இயக்குநர் தனுஷ்கோடியைப் பார்த்தாள். மனுசர் உட்கார்ந்துகொண்டே மேடையில் நிற்கக் கூடியவர்.

"உங்க கணவருக்கு எங்க வாழ்த்துகள் அம்மா. ஆனா படிவத்துல அவர் இல்ல. பதிவில் இல்லாத ஆண், தன்னார்வலர் தங்கியிருக்கிற கூரைக்குக் கீழ ராத்தங்கக் கூடாது."

"சார், அது அவிய வீடு சார். அவிய சம்பளத்துல கட்டுனது."

"யார் கட்டினதுங்கிறது நம்ம விதியில வராது. நீங்க ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. டென்மார்க்குல ஒரு தாய், உங்க வாழ்க்கைய நம்பித் தன் மகள அனுப்பியிருக்காங்க. எந்த வாழ்க்கைய? நீங்க எழுதிக் கொடுத்த வாழ்க்கைய. அதுல திடீர்னு ஒரு புருசன் வந்து நின்னா அந்தத் தாய்க்கு நாங்க என்ன பதில் சொல்றது? நாங்க இந்த மக்களோட வாழ்க்கைய அவ்வளவு மதிக்கிறோம். அதனாலதான் சொல்றேன், அந்தப் பொண்ண விட்டுட்டு நீங்க வேற வீட்டுல ராத்தங்கவும் கூடாது, எழுதிக் கொடுத்த வாழ்க்கைய இஷ்டத்துக்கு மாத்தவும் கூடாது. மாத்தணும்னா முப்பது நாளைக்கு முன்னாடி எழுத்து மூலமாச் சொல்லணும். கூடவே போலீஸ் சான்றிதழ் வேணும்."

"முப்பது நாளுக்கு முன்னாடி அவியளுக்கே தெரியாதே சார்."

"ராணுவத்தோட திட்டமிடல் குறைக்கு நாங்க பொறுப்பாக முடியுமா?"

ஐந்தாம் தேதி விடியக்காலம் பாண்டிச்செல்வம் பொதிகை ரயிலில் வந்து இறங்கினான். டிரங்குப் பெட்டியோடு தன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தான். அங்கே அவனுக்காக ஸ்வீட்லின் ஒரு தாளோடு நின்றாள். இயக்குநர் பெருந்தன்மையோடு ஒரு சலுகை கொடுத்திருந்தார். தினமும் நாலிலிருந்து ஆறு மணி வரை அவன் பார்வையாளராக முன்வாசலில் உட்காரலாம். மனைவியோடு பேசலாம். பேசும்போது ஹன்னா கூட இருக்க வேண்டும், ஏனென்றால் அதுவும் அன்றாட வாழ்க்கைதானே.

பாண்டிச்செல்வம் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் அண்ணன் வீட்டுக்குப் போனான். சாயங்காலம் நாலு மணிக்குத் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். எதிரே மாரீஸ்வரி. நடுவில் நோட்டோடு ஹன்னா.

"ஐயா, இந்த அக்காவை நீங்கள் எவ்வாறு அறிவீர்கள்?"

"கல்யாணத்துல பாத்ததும்மா" என்றான் பாண்டிச்செல்வம். ஹன்னா எழுதிக்கொண்டாள். எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்த்தவள் முகம் சிவந்துபோனாள். பாவம், அவளுக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும்.

முப்பது நாள் கணக்கைப் பிறகு கெஞ்சிப் பார்க்கலாம், முதலில் சான்றிதழை வாங்குவோம் என்று ஆறாம் தேதி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே ரைட்டர் கருத்தப்பாண்டி, பாண்டிச்செல்வத்தோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்.

"ஏலே, நாட்டையே ஒங்கிட்ட விட்டுட்டுத்தான் நாங்க ஒறங்குதோம். நீ ஒன் வீட்டுல ஒறங்க நான் சான்றிதழ் தரணுமா?" என்று சிரித்து, அன்றைக்கே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

மையம் அதைத் திருப்பி அனுப்பியது. கடந்த மூன்று வருசம் குடியிருந்த இடத்தை மையத்தின் ஆள் நேரில் போய்ப் பார்த்தால்தான் செல்லுமாம். அவன் எழுதியிருந்ததோ ராணுவ முகவரி, 99 ஏ.பி.ஓ. இயக்குநர் போனில் வரைபடத்தைத் திறந்து இழுத்து இழுத்துத் தேடினார்.

"இப்படி ஒரு ஊரே இல்லையே."

"ஊரு இல்ல சார், அது ராணுவத் தபால் நம்பர். நாங்க இருக்குற எடத்த வெளிய சொல்லக் கூடாது சார்."

இயக்குநர் சிவப்பு மையால் எழுதினார்: 'இருப்பிடத்தைத் தெரிவிக்க மறுக்கிறார்.'

அன்றைக்குத் தேதி எட்டு. மாரீஸ்வரி மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தண்ணீர் கொடுக்க வந்த ஸ்வீட்லின் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. மூணாம் நம்பர் படிவம்னு ஒண்ணு இருக்கு. உள்நாட்டுத் தன்னார்வலர். தன்னார்வலரா வந்தா போலீஸ் சான்றிதழே வேண்டாம். 'நான் நல்லவன்'னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். எந்த வீடுன்னு ஒதுக்குறது நான்தான்."

"அவிய வீட்டுக்கு அவியளே தன்னார்வலரா?"

"வேற வழி இல்லக்கா."

உள்ளூர்க்காரன் என்றால் ஊரே சாட்சி சொன்னாலும் நம்ப மாட்டார்கள், தொண்டு செய்ய வந்தவன் என்றால் அவன் சொல்லே போதும். இந்த நியாயம் யாருடைய மண்டையில் உதித்ததோ, நன்றாக இருக்கட்டும்.

ஒன்பது, பத்து, பதினொன்று, மூன்று நாள் தங்கிப் பயிற்சி. டாக்டரம்மா சீட்டில் முதல் நாள் அதோடு போயிற்று. பயிற்சியில் தரையில் சம்மணம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். கையால் சாப்பிடக் கற்றுக்கொடுத்தார்கள். அதில் பாண்டிச்செல்வம் முதல் தடவை தேறவில்லை. 'உள்ளூர் உணவைப் போதிய வியப்புடன் அணுகவில்லை' என்று பயிற்சியாளர் எழுதிவிட்டார். இரண்டாம் தடவை சாம்பாரைப் பார்த்துக் கண்ணை அகல விரித்ததில் தேறினான். 'கிராமம் எனக்குக் கற்றுத் தந்தவை' என்று கிராமத்துக்குப் போகும் முன்பே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தான். கடைசியில் உறுதிமொழி. அதைப் பார்த்ததும் அவன் பேனா நின்றுவிட்டது. வெளியே வந்து மாரீஸ்வரிக்குப் போன் போட்டான்.

"ஏட்டி மாரி, தங்குற வீட்டுக்காரங்க யார்கூடவும் காதலோ, காதல மாதிரி உறவோ வச்சுக்கிட மாட்டேன்னு கையெழுத்துப் போடச் சொல்லுதான். போடவா, வேண்டாமா?"

மாரீஸ்வரி தையல் மிஷினை நிறுத்தினாள். "போட்டுட்டு வாங்க. மொதல்ல வீட்டுக்குள்ள வாங்க, பொறவு பாத்துக்கிடுவோம்."

பன்னிரண்டாம் தேதி மையத்து ஜீப்பில் வந்தான். கழுத்தில் மாலை, உடம்பில் 'நான் கற்க வந்தேன்' என்று எழுதிய மஞ்சள் பனியன். மாரீஸ்வரி ஆரத்தி எடுக்க, இயக்குநர் போட்டோ எடுத்தார். "பேரக் கேளுங்கம்மா, இயல்பாக் கேளுங்க" என்றார்.

"தம்பி, ஒங்க பேரு என்ன?" என்று கேட்டாள் மாரீஸ்வரி. கோபத்தில் அவள் தட்டைச் சுற்றிய வேகத்தில் ஆரத்தித் தண்ணீர் மஞ்சள் பனியன்மேல் தெறித்தது. பக்கத்து வீட்டு ஈஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஹன்னா குழம்பிப்போய் இயக்குநரிடம் கேட்டாள். "ஐயா, இவர் சென்ற வாரம் வந்த கணவர் அல்லவா?"

"அவர் பார்வையாளர். இவர் தன்னார்வலர். ரெண்டும் வேற வேற கோப்பு. நீ குழப்பிக்காதம்மா" என்றார் இயக்குநர்.

வீட்டுக்குள் வந்தும் என்ன பிரயோசனம்? ஆண் தன்னார்வலர் மொட்டை மாடியில்தான் படுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை மூத்த தன்னார்வலர் வைத்துக்கொள்ள வேண்டும். மூத்த தன்னார்வலர் ஹன்னா. பகலில் அடுப்படிக்குப் போனால் அவள் நோட்டோடு வருவாள், ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனாலும் வருவாள். பதினாலாம் தேதி ஈஸ்வரி ஒரு யோசனை செய்து, "அய்யனார் கோவில் அருவியக் காட்டியாறேன், வாம்மா" என்று ஹன்னாவைக் கூப்பிட்டாள். மூத்தவர் இளையவரைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்று விதி. கடைசியில் நாலு பேரும் சேர்ந்து போய், நாலு பேரும் சேர்ந்து குளித்து, நாலு பேரும் சேர்ந்து திரும்பினார்கள். மாத்திரை வேறு மாரீஸ்வரிக்குக் குமட்டியது. சீட்டில் நாள் கரைந்துகொண்டே வந்தது.

பதினைந்தாம் தேதி மத்தியானம் அடுப்படியில் சட்டினிக்குத் தேங்காய் சில்லு கீறிக்கொண்டிருந்தவள் அப்படியே உடைந்து அழுதாள். பாண்டிச்செல்வம் அரிவாள்மணையை நகர்த்தி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நிமிர்ந்து பார்த்தால் வாசற்படியில் ஹன்னா.

மாரீஸ்வரிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்து வந்து ஹன்னாவின் கையில் வைத்து அழுத்தினாள்.

"படிச்சுப் பாரு தாயி. நாளையோட முடியுது. எனக்கு ஒரு பிள்ள வேணும். ஆறு வருசமா வேணும். இந்த மனுசன் மறுபடி வர ஒண்ணேகால் வருசம் ஆகும். வருவாரான்னுகூட எனக்குத் தெரியாது. நீ கூடக்கூட வந்து நோட்டுல என்னத்தத்தான் எழுதுத?"

ஹன்னா சீட்டைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். தன் அறைக்குப் போய், மையம் கொடுத்த விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. பிறகு போனை எடுத்து எதையோ அழுத்தினாள்.

பதினாறாம் தேதி காலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. விருந்தோம்பும் பெண்ணோடு தன்னார்வலர் தவறான உறவு, நேரில் கண்டவர் ஹன்னா, உடனே விசாரணை.

"படுபாவி" என்றாள் மாரீஸ்வரி, ஹன்னாவின் முகத்துக்கு நேரே. "மூணு வேளையும் ஒனக்குச் சோறு போட்டனே. ஒரு நாள், இந்த ஒரே ஒரு நாளு ஒனக்குப் பொறுக்கலையா?" ஹன்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

மையத்து மாடியில் கமிட்டி கூடவே சாயங்காலம் நாலரை ஆகிவிட்டது. விசாரணை மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும். இந்தப் பக்கம் பாண்டிச்செல்வம் அட்டென்ஷனில் நின்றான். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த அம்மாவோட கணவர் யாருன்னு தெரியுமா உமக்கு? ராணுவ வீரர். பனியிலயும் மழையிலயும் நமக்காக நிக்கிறவர். அப்பேர்ப்பட்டவர் இல்லாத நேரத்துல, அவர் வீட்டுல, அவர் மனைவி கையப் பிடிக்க உமக்கு எப்படி மனசு வந்தது?"

"சார், அந்த ராணுவ வீரர் நான்தான் சார்."

"அது பார்வையாளர் கோப்பு. இப்ப நீர் நிக்கிறது தன்னார்வலர் கோப்புல. இந்தக் கோப்புல உமக்குக் கல்யாணமே ஆகல, நீரே நிரப்பாம விட்டிருக்கீர்."

மாரீஸ்வரி எழுந்துவிட்டாள். "எம் புருசன் எங் கையப் பிடிக்காம ஒங்க கையவா சார் பிடிப்பாரு? இது என்ன கூத்து? ஒங்க வீட்டுல யாருக்கும் கல்யாணமே ஆகலையா?"

கமிட்டிக்காரர் ஒருவர் எழுதினார்: 'பாதிக்கப்பட்டவர் அதிர்ச்சியில் உள்ளார்.'

தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. விருந்தோம்பிய பெண்மேல் குற்றமில்லை, தண்ணீர் மிஷின் இருக்கும். தன்னார்வலர் நீக்கம். நீக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று விதிப் புத்தகத்தை ஸ்வீட்லின் வாசித்தாள். முதல் வரியிலேயே நிறுத்தி, மாரீஸ்வரியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"ஒழுக்கம் தவறிய தன்னார்வலரை அன்றைய தினமே, சூரியன் மறையுமுன், அவருடைய நிரந்தர முகவரிக்கு மையமே அழைத்துச் சென்று, வீட்டார் ஒருவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்துப் பெற வேண்டும். வாங்க ஆளில்லையென்றால் மறு உத்தரவு வரை மையத்திலேயே வைத்திருக்க வேண்டும். தவறு நடந்த வீட்டிலிருந்து மற்றத் தன்னார்வலரை அப்போதே அப்புறப்படுத்த வேண்டும்."

"முகவரி என்ன போட்டிருக்கு?" என்றார் இயக்குநர்.

ஸ்வீட்லின் ஆதார் நகலை எடுத்தாள். "4/117, கீழத் தெரு, மம்சாபுரம்."

அது மாரீஸ்வரியின் வீடேதான். ஸ்வீட்லின் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

"தப்புப் பண்ணினவன பிரேசிலுக்கே கொண்டுபோய் விட்டிருக்கோம். மம்சாபுரம் என்ன தூரம்?"

பாதிக்கப்பட்டவரும் குற்றவாளியும் ஒரே வண்டியில் போகக் கூடாதாம். மாரீஸ்வரி மினி பஸ்ஸுக்கு ஓடினாள். வாங்க ஆளில்லையென்றால் அவன் திரும்பவும் மையத்துக்கு. பஸ் வழியில் ஒரு தோப்புக்கு முன்னால் தேங்காய் மூட்டை ஏற்ற நின்றது. ஒரு மூட்டை, இரண்டு மூட்டை, ஆறாவது மூட்டையில் கண்டக்டர் பீடி பற்றவைத்தார். மேற்கே மலைமேல் வெயில் சிவந்துவிட்டது.

"அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், எடுங்கண்ணே!"

"என்னக்கா, வீட்டுல அடுப்ப அமத்தாம வந்துட்டியளா?"

அவள் இறங்கிவிட்டாள். பின்னால் வந்த ஒரு பைக்கை மறித்து ஏறி, தெருமுனையில் குதித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். வீட்டு வாசலில் ஜீப். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆளில்ல, வண்டியத் திருப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருக்கேன்! நான் இருக்கேன் சார்!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

ஸ்வீட்லின் தாளை நீட்டினாள். 'மேற்படி நபரை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' மாரீஸ்வரி மூச்சு வாங்கக் கையெழுத்துப் போட்டாள். 'உறவு' என்ற இடத்தில் 'மனைவி' என்று அழுத்தி எழுதினாள். இயக்குநர் அதை வாசிக்காமலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஹன்னா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மாரீஸ்வரியிடம் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, மையத்தில் ஒருவரும் அந்தப் புத்தகத்தை முழுவதும் படித்ததில்லை. நான் நேற்று படித்தேன். நாற்பத்தொன்றாம் பக்கம். அதனால்தான் புகார் அனுப்பினேன். முன்பே சொன்னால் நீங்கள் விசாரணையில் சிரித்துவிடுவீர்கள் என்று பயந்தேன்."

மாரீஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹன்னாவின் கன்னம் இரண்டையும் வழித்து நெட்டி முறித்தாள். "ஒன்னயப் போயி படுபாவின்னுட்டேனே தாயி."

"அந்தச் சொல் எங்கள் பாடத்தில் இல்லை அக்கா. நல்ல சொல் என்று நினைத்துக்கொண்டேன்."

ஜீப் கிளம்பும் முன் இயக்குநர் கடைசியாக ஒரு அறிவுரை சொன்னார். "அம்மா, ஆள் கொஞ்சம் மோசமான பேர்வழி. நீங்க ஒரு கண்ணு வச்சுக்கணும். மறுபடி ஏதாவது தப்பா நடந்துக்கிட்டா ஒரு நிமிஷமும் தாமதிக்காம மையத்துக்குச் சொல்லுங்க. எதுக்கும் நாங்க இருக்கோம்."

"சரி சார்" என்றாள் மாரீஸ்வரி. "இனிமே நான் பாத்துக்கிடுதேன்."

புருசனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே ஈஸ்வரி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஏட்டி, இன்னைக்கு உப்புன்னோ புளின்னோ எவளாவது அந்த வீட்டுக் கதவப் போயித் தட்டுனீங்க, கொன்னே போடுவேன்."